ஏழா எட்டா: சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள்: தாம்பரம், சிறுசேரி

பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரம் வந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. காலாண்டு விடுமுறை தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. தென்காசியில் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. மகள் சிறுசேரியில், சென்னை கணிதவியல் கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு செடி. 40.7 கோடி வருஷத்துக்கு முந்தைய செடி.

சில மாதம் முன்பு மகள் ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பி, "ம்மா, நீ வகுப்பில் சொல்கிற பிபொனாச்சிக் கதைக்கு இது இடிக்கிறதே" என்று கேட்டிருந்தாள். செடிகளின் இலைச் சுருள்கள் 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் பிபொனாச்சி எண்களில்தான் அமையும் என்பதுதான் அந்தக் கதை. கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. அதைப் பற்றி இன்றைக்கே எழுதிவிட முடியாது. முதலில் நானே கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பையில் கைலென்ஸ், குண்டூசி டப்பா, இரண்டு கலர் நூல்கண்டு எல்லாம் வைத்திருக்கிறேன்.

வேளச்சேரியில் தங்கை வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, பஸ் மாறி மாறி சிறுசேரி போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிட்டது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிற சிப்காட் வளாகத்துக்குள் இந்தக் கழகம் அமைதியாக இருக்கிறது. சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. இந்த இடத்துக்கு வந்தது 2005-இல். சேஷாத்ரி நன்றாகக் கர்நாடக சங்கீதம் பாடுவார் என்று மகள் சேர்ந்த அன்றே யாரோ சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கேன்டீனில் உட்கார்ந்து, "நீ இப்போ என்னட்டி படிக்கே?" என்று கேட்டேன்.

"சூரியகாந்தி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னது செடி இல்லை. கணங்களை, அதாவது பொருள்களின் தொகுப்புகளைப் பற்றிய ஒரு கணக்கு. அவள் விளக்கியபடியே எழுதுகிறேன். மூன்று பேர் டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள். மூன்றிலும் சோறும் சாம்பாரும் பொது. அது போக ஒருத்தருக்கு அவியல், ஒருத்தருக்குப் பொரியல், ஒருத்தருக்கு அப்பளம். எந்த இரண்டு டப்பாவை எடுத்துப் பார்த்தாலும் பொதுவாக இருப்பது அதே சோறும் சாம்பாரும்தான். நடுவில் பொதுவான வட்டு, சுற்றிலும் ஒன்றோடொன்று ஒட்டாத இதழ்கள். அதனால்தான் சூரியகாந்தி என்று பேர். பொதுவாக எதுவுமே இல்லாவிட்டாலும், வட்டு வெறுமையான சூரியகாந்தி என்று கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம்.

1960-இல் எர்டிஷ், ராடோ என்ற இரண்டு கணிதவியலாளர்கள் நிரூபித்தது இது: டப்பாவுக்கு மூன்று பண்டம், எந்த இரண்டு டப்பாவும் அப்படியே ஒன்றாக இல்லை, மொத்தம் 48-க்கு மேல் டப்பா. அப்படியானால் அதற்குள் இப்படி ஒரு மூன்று டப்பா சூரியகாந்தி இருந்தே தீரும். சமைத்தவர் யாராக இருந்தாலும் சரி, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தவிர்க்கப் பார்த்தாலும் சரி.

பண்டங்களின் எண்ணிக்கை ஏற ஏற, தேவைப்படும் டப்பாக்கள் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்த வேகம் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்று எர்டிஷும் ராடோவும் கணித்தார்கள். மூன்று இதழுக்கு மட்டும் அதை நிரூபித்தால்கூட 1000 டாலர் தருவதாக எர்டிஷ் சொல்லி வைத்தார். அறுபது வருஷம் பெரிய அசைவு இல்லை. 2019-இல் ரையன் ஆல்வைஸ், ஷாகர் லவெட், கெவன் வூ, ஜியாபெங் ஜாங் என்ற நால்வர் ஒரே தாவாகத் தாவினார்கள். பழைய கணக்கில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கிட்டத்தட்ட பண்டங்களின் எண்ணிக்கையாலேயே பெருக்க வேண்டியிருந்தது. இவர்கள் அதை, அந்த எண்ணின் மடக்கை அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். முழுக் கணிப்பு இன்னும் திறந்தே கிடக்கிறது.

"இருந்தே தீரும்" என்று அவள் சொன்னபோது குரலில் ஒரு உறுதி இருந்தது. நானும் வகுப்பில் இலைகளைப் பற்றி இதே குரலில்தான் சொல்லி வந்திருக்கிறேன். அந்த உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது?

இரண்டாம் நாள்: கோயம்பேடு

காலை ஐந்தரைக்குப் பழ மார்க்கெட்டில் இருந்தேன். கேரளத்து அன்னாசி லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம், "அண்ணே, மேலெல்லாம் ஒரே சீராக, நசுங்காமல் இருக்கிறதாக நாலு வேண்டும்" என்றேன். "சாமிக்காம்மா?" என்று கேட்டார். எண்ணுவதற்கு என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் தேடி எடுத்துக் கொடுத்தார்.

தங்கை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எண்ணியதை விவரமாகவே சொல்கிறேன், வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம். அன்னாசியின் மேலே இருக்கும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிப் பூவிலிருந்து வந்தது. கண் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அறுகோணம். அதனால் ஒரு கண்ணிலிருந்து மூன்று திசையில் சாய்வாக வரிசை ஓடும். ஒன்று மெதுவாகச் சாய்ந்து பழத்தைச் சுற்றி ஏறும். இன்னொன்று எதிர்ப்பக்கமாகச் செங்குத்தாக ஏறும். மூன்றாவது அதைவிடச் செங்குத்து. முதல் வரிசையின் தொடக்கத்தில் ஒரு குண்டூசி குத்தி, சிவப்பு நூலை அந்த வரிசையோடு ஓட்டினேன். பக்கத்து வரிசைக்கு அடுத்த குண்டூசி. இப்படியே சுற்றி வந்து முதல் குண்டூசியைத் தொடும்போது நிறுத்த வேண்டும். முதல் பழத்தில் தொடக்கக் குண்டூசி பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டதால் மறுபடி ஆரம்பித்தேன். சிவப்பு நூல் 8. எதிர்ப்பக்கம் நீல நூல் 13. மூன்றாவது வரிசையை நூல் இல்லாமல் விரலாலேயே எண்ணினேன்: 21. நான்கு பழத்திலும் அதேதான். ஒன்றில் மட்டும் சாய்வு இடம் வலமாக மாறியிருந்தது.

8, 13, 21. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. ஐரோப்பாவில் இதற்குப் பிபொனாச்சி பேர் வைத்தாலும், இங்கே விரஹாங்கர் யாப்புக் கணக்காக அவருக்குச் சில நூற்றாண்டு முன்பே எழுதிவிட்டார். 1150 வாக்கில் ஹேமசந்திரரும் எழுதினார். தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையைக் குறில் நெடிலால் நிரப்ப எத்தனை வழி? ஐந்து. ஐந்து மாத்திரைக்கு? எட்டு. ஏனென்றால் கடைசி எழுத்து குறிலாக இருந்தால் அதற்கு முன்னால் நான்கு மாத்திரை, நெடிலாக இருந்தால் மூன்று மாத்திரை. இரண்டு வழிகளையும் கூட்டிவிட வேண்டியதுதான்.

அன்னாசிக்கு யாப்பு தெரியாது. அப்படியென்றால் எப்படி வருகிறது? 1868-லேயே ஹோஃப்மைஸ்டர் என்ற தாவரவியலாளர் சொன்னார்: தண்டு நுனியில் புது இலை மொட்டு, ஏற்கெனவே இருக்கும் மொட்டுகளுக்கு நடுவே எங்கே இடம் அதிகமோ அங்கே முளைக்கிறது. 1992-இல் டுவாடி, கூடர் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு வட்டத் தட்டின் நடுவில் விட்டார்கள். சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விளிம்புக்கு நகர்ந்தன. வேகத்தைச் சரியாக வைத்தபோது அடுத்தடுத்த சொட்டுகளுக்கு நடுவே கோணம் 137.5 பாகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிபொனாச்சிச் சுருளைத் தரும் கோணம் அதுதான். செடிக்குள் அந்தத் தள்ளுதலை ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பார்த்துக்கொள்கிறது. முளைக்கும் மொட்டு சுற்றுப்புறத்து ஆக்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அக்கம் பக்கத்தில் இன்னொன்று முளைக்க வழியில்லை. 2003-இல் ரைன்ஹார்ட் குழுவினர் அராபிடாப்சிஸ் செடியில் இதைக் காட்டினார்கள்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் "இயற்கையின் விதி" என்று பலகையில் எழுதினேன். ஆனால் 2016-இல் வந்த ஒரு கணக்கெடுப்பை நான் பார்க்கவே இல்லை. கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் தன் கடைசி வருஷங்களில் சூரியகாந்தி வரிசைகளோடு மல்லுக்கட்டினார் என்பதால், அவர் நினைவாக மான்செஸ்டரில் பொதுமக்கள் சூரியகாந்தி வளர்த்து எண்ணினார்கள். மொத்தம் 657 பூ. எண்ணிய வரிசைகளில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் பிபொனாச்சி. மீதியில் பல அதற்குப் பக்கத்து எண்கள், சில முற்றிலும் வேறு.

நான்கில் மூன்று என்பது பெரிய பங்குதான். டிபன் டப்பா கணக்கில் அது செல்லாது.

தங்கை நான்கு பழத்தையும் நறுக்கிவிட்டாள். அபார்ட்மென்ட் முழுக்கக் கொடுத்தும் மிச்சம் இருக்கிறது.

மூன்றாம் நாள்: அடையாறு, பெசன்ட் நகர்

இன்று சனிக்கிழமை, மகளும் கூட வந்தாள். பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்த்தோம். அதன் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நிற்கின்றன. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் மரம். மகள் என்னைப் பார்த்து, "வட்டு வெறுமையான சூரியகாந்தி" என்றாள்.

அங்கிருந்து கடற்கரை. வழியெல்லாம் என் பாடப்புத்தகம்தான். எருக்கு: எதிரிலை, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக. அரளி: கணுவுக்கு மூன்று இலை. செம்பருத்தி: மாற்றிலை. தாழை கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

சவுக்கு கிடைத்தது. மணலில் உதிர்ந்து கிடந்த பச்சை ஊசிகளை ஒரு கைப்பிடி அள்ளினேன். சவுக்கு ஊசி இலை இல்லை, மெல்லிய தண்டு. சிறு சிறு கணுக்களாக இருக்கும். குழந்தைகள் ஒரு கணுவைப் பிடுங்கி மறுபடி செருகி, எங்கே ஒட்டியிருக்கிறது கண்டுபிடி என்று விளையாடுவார்கள், நானும் விளையாடியிருக்கிறேன். அந்தக் கணுவைப் பிடுங்கி லென்ஸில் பார்த்தால், விளிம்பைச் சுற்றிக் கிரீடம் மாதிரி குட்டிப் பற்கள் தெரியும். அந்தப் பற்கள்தான் இலைகள். ஒவ்வொரு பல்லிலிருந்தும் கீழே ஒரு வரம்பு ஓடும். பல் தெளிவாக இல்லாவிட்டால் வரம்பை எண்ணலாம்.

மகள் எழுத, நான் எண்ணினேன். 7, 7, 8, 7, 6, 7, 8, 7. முப்பது ஊசி பார்த்தோம். பெரும்பாலும் ஏழு. ஏழு பிபொனாச்சி எண் இல்லை. அடுத்த கணுவின் பற்கள் முந்தைய கணுவின் பற்களுக்கு நேர் இடைவெளியில் உட்கார்ந்திருந்தன. ஹோஃப்மைஸ்டர் சொன்ன அதே இடம் பார்க்கும் விதிதான். விளைவு வேறு.

இனி அந்தப் பழைய செடியைச் சொல்லலாம்.

ஸ்காட்லாந்தில் ரைனி என்று ஒரு ஊர். 1912-இல் வில்லியம் மாக்கி என்ற மருத்துவர் அங்கே ஒருவகைக் கல்லைக் கண்டார். ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருந்த இடம். சிலிக்கா கலந்த அந்த நீர், அங்கே வளர்ந்த செடிகளை நின்ற நிலையிலேயே கல்லாக்கிவிட்டது. கல்லைக் கண்ணாடி போல மெல்லிசாக அறுத்தால் செல் செல்லாகத் தெரியும். அதில் ஒன்று ஆஸ்டிராக்சிலான் மாக்கியை. இலை வைத்த மிகப் பழைய செடிகளில் ஒன்று, லைக்கோபோடியம் என்ற, பூ பூக்காத இன்றைய செடிக் கூட்டத்துக்கு மூத்த உறவு. 2023 ஜூனில் ஹாலி-ஆன் டர்னர், மேத்யூ ஹம்பேஜ், ஹான்ஸ் கெர்ப், சாண்டி ஹெதரிங்டன் நால்வரும் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கல் துண்டுகளில் தெரிந்த இலைகளைக் கணினியில் அடுக்கி முப்பரிமாணமாக எழுப்பி, இலை வரிசைகளை எண்ணியிருக்கிறார்கள். அன்னாசியில் நான் குண்டூசி வைத்து எண்ணிய அதே எண்ணிக்கைதான்.

சில தண்டில் இலைகள் சவுக்கு மாதிரி வட்டமாக. சில தண்டில் சுருளாக. அந்தச் சுருள் எல்லாமே அடுத்தடுத்த இரண்டு எண்கள் கொண்டவை. ஒரு பக்கம் 8 என்றால் எதிர்ப்பக்கம் 5-ஓ 13-ஓ இல்லை, 7 அல்லது 9. ஒரு பிபொனாச்சிச் சுருள்கூட இல்லை. வித்துப்பைகளும் அதே வரிசையில், இலைகளுக்கு இடையில் இலை மாதிரியே இடம் பிடித்திருந்தன.

லைக்கோபோடியம் கூட்டத்தின் இலையும், மாமரம் வேம்பு வகையறாவின் இலையும் தனித்தனியாகத் தோன்றியவை என்பது முன்பே தெரிந்ததுதான். அதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், பிபொனாச்சிச் சுருள் இலையோடு கூடப் பிறந்த குணம் இல்லை. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகப் பின்னால் வந்து நிலைத்திருக்க வேண்டும். நான் விதி என்று எழுதியது ஒரு வரலாறு.

டீக்கடைப் பெஞ்சில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் தன் நோட்டிலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளைக் கிழித்தாள். "ம்மா, இதைப் பாரு" என்று தாளைச் சாய்த்து, கட்டங்கள் வைர வடிவில் நிற்கும்படி பிடித்தாள். கட்டத்தின் மூலை ஒவ்வொன்றும் ஒரு இலை என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரே உயரத்தில் இருக்கும் மூலைகள் ஒன்றோடொன்று சேரும்படி தாளைக் குழாயாகச் சுருட்டினாள். இப்போது வரிசைகள் இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு. எட்டு இலை கொண்ட வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளி மாறி. சவுக்கு. பிறகு குழாயைக் கலைத்து, ஓரம் சேருமிடத்தை ஒரே ஒரு கட்டம் வழுக்கவிட்டு மறுபடி சுருட்டினாள். வட்டங்கள் காணாமல் போயின. எட்டுக்கு ஏழு. இலைகள் ஒவ்வொன்றாகச் சுருளில் ஏறின.

"வட்டத்துக்கும் இந்தச் சுருளுக்கும் நடுவில் இருப்பது ஒரு கட்டம்தான். அந்தச் செடியில் இரண்டும் கலந்து கிடப்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை."

அந்தக் குழாயை நான் வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக் கொடுத்ததில்லை. கட்டாயம் இருப்பது தாளில்: எட்டுக்கு எட்டை ஒரு கட்டம் வழுக்கினால் எட்டுக்கு ஏழு வந்தே தீரும். எந்தச் செடி எப்போது வழுக்கும் என்பதைத் தாள் சொல்லாது. அதற்குக் கல்லைத்தான் அறுத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள்: சேப்பாக்கம், மெரினா

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் வேலை செய்த பல்கலைக்கழகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இந்தியப் பாசியியலின் தந்தை என்று எல்லாப் புத்தகத்திலும் அவர் பேர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெளியிலிருந்துதான் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது.

1932-இல் அவர் ஃபிரிட்ஷியெல்லா என்ற பாசியை விவரித்தார். குளத்தில் மிதக்காமல் ஈர மண்ணில் வளர்வது. மண்ணுக்குள் படர்ந்த ஒரு பகுதி, மேலே நிமிர்ந்து கிளைக்கும் இழைகள். பார்த்தால் தரைக்கு ஏறிய முதல் செடி இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். பல தலைமுறை மாணவர்கள் அப்படியே எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். மரபணு வரிசைகள் வந்த பிறகு கதை மாறியது. பச்சைத் தாவரங்கள் ஆதியிலேயே இரண்டு பெரிய கிளையாகப் பிரிந்துவிட்டன. தரைச் செடிகள் ஒரு கிளையில், ஃபிரிட்ஷியெல்லா மற்ற கிளையில். உருவ ஒற்றுமை உறவால் வந்ததல்ல. ஈர மண்ணில் பிழைக்க இரண்டு கிளையும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டிருக்கின்றன, சவுக்கின் வட்டமும் ஆஸ்டிராக்சிலானின் வட்டமும் போல.

தரைச் செடிகளுக்கு மிக நெருங்கிய பாசிக் கூட்டம் எது தெரியுமா? நம் பள்ளி ஆய்வகத்தில் வருஷா வருஷம் ஸ்லைடு போடும் ஸ்பைரோகைராவின் கூட்டம். காரா என்ற இன்னொரு பாசிதான் நெருக்கம் என்று நான் படித்தேன், படிப்பித்தும் இருக்கிறேன். 2019-இல் ஸ்பைரோகைராவின் உறவுகளான இரண்டு பாசிகளின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. தரைச் செடிகள் வறட்சியைத் தாங்கப் பயன்படுத்தும் சில மரபணுக் குடும்பங்கள் அந்தப் பாசிகளிலேயே இருக்கின்றன. அவை மண் பாக்டீரியாக்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது. ஃபிரிட்ஷியெல்லா கதையை இனி நடத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அய்யங்கார் பார்த்தது அத்தனையும் சரி. அந்தப் பாசி அப்படித்தான் வாழ்கிறது. அதற்குப் பரம்பரை மட்டும் வேறு.

அழகப்பச் செட்டியார் 1950-இல் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. அடுத்த தெருக்கள் திருவல்லிக்கேணி. துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக் குமாஸ்தாவாக 1912-இல் சேர்ந்த ராமானுஜன் குடியிருந்த பக்கம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்குக் கடிதம் போனதும் இந்த ஊரிலிருந்துதான். அந்தத் தெருக்களில் நடக்கும்போது மகள் பேசவே இல்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

மெரினாவில் பட்டாணிச் சுண்டல் வாங்கி உட்கார்ந்த பிறகு அவளே தொடங்கினாள். ராமானுஜன் உயிராக நேசித்த பிரிவினைக் கணக்கு: ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம். நான்கு பட்டாணியை ஐந்து விதமாகக் குவிக்கலாம். 2024-இல் வில்லியம் கிரெய்க், யான்-வில்லம் வான் இட்டர்சம், கென் ஓனோ மூவரும் ஒரு விஷயம் வெளியிட்டார்கள். பிரிவினைகளை எண்ணியே ஒரு எண் பகா எண்ணா என்று சொல்லிவிடலாம். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறது என்பதே எனக்குப் புதுசு. அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி நூறு வருஷத்துக்கு முன் பெர்சி மக்மஹோன் வரையறுத்தது. அவர் இளம் பீரங்கிப்படை அதிகாரியாக 1873-இல் மெட்ராஸுக்கு அனுப்பப்பட்டவர்.

செய்தித்தாளை விரித்து ஐந்து பட்டாணியை வைத்தாள். சரியாக இரண்டு வெவ்வேறு அளவு வரும்படி குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு அளவிலும் எத்தனை குவியல் என்று எண்ணிப் பெருக்க வேண்டும். 4, 1. அளவு நாலில் ஒரு குவியல், ஒன்றில் ஒரு குவியல், பெருக்கினால் 1. அடுத்து 3, 2: அதுவும் 1. 3, 1, 1: ஒன்றை இரண்டால் பெருக்க 2. 2, 2, 1: 2. 2, 1, 1, 1: 3. கூட்டினால் 9. எட்டால் பெருக்க 72. இன்னொரு பக்கம் ஐந்தின் வகுஎண்கள் 1, 5; கூட்டினால் 6. எண்ணின் வர்க்கத்திலிருந்து அதன் மூன்று மடங்கைக் கழித்து இரண்டைக் கூட்ட வேண்டும்: 25-இல் 15 போக 10, கூட இரண்டு, 12. பன்னிரண்டு ஆறு 72. இரண்டு பக்கமும் சமம். சமமாக வந்தால் பகா எண்.

"ஆறுக்கு நீ போடு" என்றாள்.

போட்டேன். 5, 1. 4, 2. 4, 1, 1. 3, 1, 1, 1. 2, 2, 1, 1. 2, 1, 1, 1, 1. முறையே 1, 1, 2, 3, 4, 4. மொத்தம் 15, எட்டு மடங்கு 120. மறுபக்கம் 36-இல் 18 போக 18, இரண்டு சேர்த்து 20, வகுஎண்கள் 1, 2, 3, 6 கூட்டினால் 12, பெருக்க 240. சமமில்லை. ஆறு பகா எண் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் அது சுண்டலிலிருந்து வந்து விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு முதல் எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான்; விதிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது. நான்கில் மூன்று பங்கு இல்லை.

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட இல்லம்மா."

காற்று பலமாக வீசி, செய்தித்தாளோடு பட்டாணி மணலில் கொட்டியது.

ஐந்தாம் நாள்: வேளச்சேரி, திரும்பும் ரயில்

காலையிலிருந்து மழை. எங்கும் போகவில்லை. தங்கை வீட்டுப் பால்கனியில் சவுக்கு ஊசிகளைப் பத்துப் பத்தாகத் தாளில் மடித்து ஊர் எழுதி வைத்தேன். பள்ளி திறந்ததும் ஆளுக்கொரு பொட்டலம். எத்தனை பல் வர வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணி எழுதட்டும். கட்டம் போட்ட தாளைக் குழாயாகச் சுருட்டுவதையும் சொல்லிக் கொடுப்பேன்.

சாயங்காலம் மகள் தாம்பரம் வந்து ரயில் ஏற்றிவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, எட்டுப் பல் இருந்த ஊசியில் அடுத்த கணுவும் எட்டா, இல்லை எங்கேயாவது ஏழாகிறதா? அன்றைக்கு ஒரு கணுவோடு விட்டுவிட்டோமே" என்றாள்.

ரயில் நகர்ந்துவிட்டது. செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து லென்ஸை எடுத்தேன். எட்டுப் பல் ஊசி ஒன்றைத் தேடி எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. விளக்கு மங்கல்தான், ஆனாலும் தெரிகிறது. இதை எழுதும்போது ஒன்பது கணு பிடுங்கியிருக்கிறேன். ஒன்பதிலும் எட்டு. ஊசியில் இன்னும் ஆறு கணு பாக்கி.